நாளமில்லாச் சுரப்பிகள்: கண்டறியப்பட்ட கதை

நமது உடலில் இரண்டு வகையான சுரப்பிகள் உள்ளன. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி போன்றவை தாம் சுரக்கும் நீரை ஒரு குழாய் வழியாக வெளியே அனுப்புகின்றன. இவை நாளமுள்ள சுரப்பிகள் எனப்படும். பிட்யூட்டரி, பீனியல், தைராய்டு, பாராதைராய்டு, தைமஸ், அட்ரினல், கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள், விந்தகம், அண்டகம் ஆகியவற்றின் சுரப்புகளுக்குக் குழாய் கிடையாது. அவை நேராக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவை சுரக்கும் பொருள்தான் ஹார்மோன்.

பள்ளிப் பாடத்தில் இது ஒரு பக்க அட்டவணை. சுரப்பியின் பெயர், இருக்கும் இடம், ஹார்மோன், பணி என்று நான்கு கட்டங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்த அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியையும் நிரப்ப மனிதகுலத்திற்குப் பல ஆண்டுகள் ஆயின. சில வரிகளுக்காக நோயாளிகள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பெயரிலேயே இருக்கும் பழைய நம்பிக்கை

உடலை அறுத்துப் பார்த்த பழங்கால மருத்துவர்களுக்கு இச்சுரப்பிகளில் சில கண்ணில் படாமல் இல்லை. ஆனால் குழாய் இல்லாத ஓர் உறுப்பு என்ன வேலை செய்யும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. மூளையின் அடியில் தொங்கும் பட்டாணி அளவுச் சுரப்பி, மூளையின் கழிவை மூக்கு வழியே சளியாக வெளியேற்றுகிறது என்று கேலன் காலத்திலிருந்து நம்பினார்கள். லத்தீனில் "பிட்யூட்டா" என்றால் சளி. நாம் இன்றும் சொல்லும் பிட்யூட்டரி என்ற பெயர் அந்தத் தவறான நம்பிக்கையிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு தத்துவ அறிஞர் டெகார்ட் 17-ஆம் நூற்றாண்டில் பீனியல் சுரப்பியை ஆன்மாவின் இருப்பிடம் என்றார். அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, உடலின் இரவு பகல் ஒழுங்கைக் காக்கிறது என்பது மிகவும் பின்னால் தெரிந்தது. மெலடோனினை 1958-ல்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் பிரித்தெடுத்தார்.

ஆறு சேவல்கள்

காளையைக் காயடித்தால் அது சாதுவாகிவிடும் என்பது உழவர்களுக்கு எப்போதிருந்தோ தெரியும். ஏன் அப்படி ஆகிறது என்று சோதனை மூலம் கேட்டவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்னால்ட் பெர்த்தோல்ட். அவர் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விரைகளை முழுவதும் நீக்கிவிட்டார். அவை பெரிதாகக் கூவவில்லை, சண்டை போடவில்லை, கொண்டையும் தாடியும் வளரவில்லை. மற்ற நான்கு சேவல்களில் விரையை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றுக்குள் வைத்தார். அவற்றில் இரண்டுக்கு ஒன்றின் விரையை மற்றதற்கு மாற்றி வைத்தார். இந்த நான்கும் சாதாரணச் சேவல்களாகவே வளர்ந்தன.

பிறகு அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரையில் பழைய நரம்பு இணைப்பு எதுவும் இல்லை. ஆனால் புதிய இரத்த நாளங்கள் வளர்ந்திருந்தன. அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்று பெர்த்தோல்ட் முடிவு செய்தார். இதை 1849-ல் நான்கு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரையை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் சொன்ன அந்த "ஏதோ ஒன்று" டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயருடன் 1935-ல் பிரித்தெடுக்கப்பட்டது.

அடிசன் கண்ட நோயாளிகள்

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசனிடம் ஒரு விதமான நோயாளிகள் வந்தனர். காரணம் தெரியாத களைப்பு, பசியின்மை, பலவீனமான நாடித்துடிப்பு, நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே போகும் தோல். எந்த மருந்துக்கும் கேட்காமல் அவர்கள் இறந்தனர். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டிருந்தன. பலருக்குக் காசநோய் அதை அரித்திருந்தது. 1855-ல் அடிசன் இப்படிப்பட்ட 11 நோயாளிகளைப் பற்றி நூல் எழுதினார். அடுத்த ஆண்டே பிரௌன் செக்கார் என்பவர் விலங்குகளில் அட்ரினல் சுரப்பிகளை நீக்கிப் பார்த்தார். அவை விரைவில் இறந்தன. எதற்கும் உதவாதது என்று கருதப்பட்ட ஒரு சிறு உறுப்பு இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பது அப்போது தெரிந்தது.

இன்று நமக்குத் தெரியும், அட்ரினலின் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. நாய் துரத்தும்போது இதயம் வேகமாகத் துடிப்பதும், கை கால்களுக்கு இரத்தம் பாய்வதும் அதன் வேலை. இதை 1901-ல் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே படிகமாகப் பிரித்தெடுத்தார். வெளிப்பகுதி கார்டிசோல், ஆல்டோஸ்டிரோன் போன்றவற்றைச் சுரந்து சர்க்கரை, உப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சீராக வைக்கிறது. அடிசன் நோயாளிகள் இறந்தது இந்த வெளிப்பகுதி கெட்டதால். இந்த நோய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்க அடிசன் நூல் வெளிவந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அப்படிச் சிகிச்சை பெற்று வாழ்ந்தவர்களில் ஒருவர்தான் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி.

நல்ல மருத்துவர் செய்த தவறு

சுவிட்சர்லாந்து மலைநாடு. அங்கே மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் முன்கழுத்துக் கழலை மிகச் சாதாரணம். கழுத்தில் தொங்கும் கட்டி சிலருக்கு மூச்சையே அடைக்கும். ஆனால் அக்காலத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை என்றால் இரத்தப்போக்கிலேயே பலர் இறந்துபோவார்கள். பெர்ன் நகரத்தைச் சேர்ந்த தியோடர் கோஹர் மிகப் பொறுமையாக, சுத்தமாக, இரத்தம் சிந்தாமல் அறுத்து அந்த ஆபத்தைக் குறைத்தார். அவரது திறமை காரணமாகவே தைராய்டு முழுவதையும் நீக்குவது சாத்தியமாயிற்று.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. முழுத் தைராய்டும் நீக்கப்பட்டவர்கள் பிற்காலத்தில் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்று ஜெனீவாவிலிருந்து ரெவர்தின் என்ற மருத்துவர் எச்சரித்தார். 1874-ல் கோஹர் ஒரு 11 வயதுச் சிறுமிக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தார். முன்பு அவளும் அவள் தங்கையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்களாம். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தங்கை நன்றாக வளர்ந்திருந்தாள். அக்காவோ வளராமல், முகம் உப்பி, அறிவு மந்தமாகி நின்றாள்.

கோஹர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தார். முழுத் தைராய்டும் நீக்கப்பட்டுத் திரும்பி வந்த 18 பேரில் 16 பேருக்கு இதே நிலை. அவர் இதை மறைக்கவில்லை. 1883-ல் மருத்துவர்கள் கூடிய அவையில் எடுத்துச் சொல்லி, சாதாரணக் கழலைக்கு இனி முழுத் தைராய்டையும் நீக்கமாட்டேன் என்று முடிவு செய்தார். தைராய்டு உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் இன்றியமையாதது என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். 1909-ல் கோஹருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிறுமிக்கு இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை.

மற்றவர்களுக்குக் கிடைத்தது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவால் அவதிப்பட்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். உப்பிய முகம் வற்றியது, பேச்சு தெளிந்தது, நடை வேகமானது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது. ஒரு சுரப்பி செய்யாத வேலையை வெளியிலிருந்து கொடுத்து ஈடுகட்டலாம் என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டிய சிகிச்சை இதுவே.

தைராக்சின் 1914-ல் எட்வர்ட் கெண்டலால் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் அயோடின் இருக்கிறது. எனவே உணவில் அயோடின் குறைந்தால் தைராய்டு எவ்வளவு வீங்கினாலும் போதிய ஹார்மோனைத் தயாரிக்க முடியாது. 1922-ல் சுவிட்சர்லாந்திலும் 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கினர். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய ஆய்வில் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பால் கழலை குறைவதை நிரூபித்தனர். 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. மளிகைக் கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட்டின் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

ஒரு மாணவரும் ஒரு காண்டாமிருகமும்

தைராய்டை நீக்கியவர்களில் சிலருக்கு வேறொரு துன்பமும் வந்தது. கை கால்கள் இழுத்துக்கொள்ளும், வலிப்பு வரும், சிலர் இறந்தும் போவார்கள். காரணம் புரியவில்லை.

லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-ல் இறந்தது. அதை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டின் அருகே மஞ்சள் நிறமான சிறு சுரப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் குறித்து வைத்தார். அதற்கு மேல் யாரும் போகவில்லை. 1877-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் ஒரு நாயின் கழுத்தில் இதைத் தனியாகக் கண்டார். பின்பு 50 மனித உடல்களில் தேடிப் பார்த்து 1880-ல் கட்டுரை வெளியிட்டார். பாராதைராய்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதன் வேலை என்ன என்று தெளிவாகும் முன்பே, 1889-ல் தன் 37-ஆவது வயதில் அவர் இறந்துவிட்டார்.

1891-ல் பிரான்சில் கிளே என்பவர், தைராய்டோடு சேர்த்து இந்தச் சிறு சுரப்பிகளும் போனால்தான் இழுப்பு வருகிறது என்று காட்டினார். 1909-ல் இரத்தத்தில் கால்சியம் குறைவதே அதற்குக் காரணம் என்று அமெரிக்காவில் மெக்கல்லமும் வோக்ட்லினும் கண்டனர். கோதுமை மணி அளவே உள்ள நான்கு சுரப்பிகள்தான் நம் இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கின்றன. இன்று தைராய்டு அறுவை செய்யும் மருத்துவர்கள் அவற்றைத் தேடிப் பாதுகாக்கிறார்கள்.

ஹார்மோன் என்ற சொல் பிறந்தது

1889-ல், அட்ரினலை ஆராய்ந்த அதே பிரௌன் செக்கார், தம் 72-ஆவது வயதில் பாரிஸ் அறிஞர் அவையில் ஓர் அறிவிப்பு செய்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டதாகவும், இளமை பலம் திரும்பிவிட்டதாகவும் சொன்னார். செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. போலி மருந்துகள் சந்தையில் குவிந்தன. டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதில் கரையாது என்பதால் அந்தச் சாற்றில் அது இருந்திருக்கவே வாய்ப்பு மிகக் குறைவு. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் பலம்தான். இந்தக் கூத்தால் சுரப்பி ஆராய்ச்சிக்கே கெட்ட பெயர் ஏற்பட்டது.

அந்தப் பெயரை மாற்றியது 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நடந்த சோதனை. இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் நீரைச் சுரக்கும். இது நரம்பு வழிச் செய்தி என்று ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் கூறியிருந்தார். பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதியில் எல்லா நரம்புகளையும் வெட்டிவிட்டு அங்கே அமிலத்தை வைத்தனர். அப்போதும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் செலுத்தினர். மீண்டும் கணையம் சுரந்தது. இரத்தத்தின் வழியே தூது போகும் அந்த வேதிப்பொருளுக்கு செக்ரிடின் என்று பெயரிட்டனர். 1905-ல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக "ஹார்மோன்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். "தூண்டுதல்" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது.

14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட ஊசி

சர்க்கரை நோயாளியின் சிறுநீர் இனிக்கும், எறும்பு மொய்க்கும் என்பதை நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். மதுமேகம் என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் காரணம் கணையத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. 1869-ல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தில் தீவுகள் போலத் தனித்து நிற்கும் செல் கூட்டங்களைக் கண்டு தன் ஆய்வேட்டில் எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை நீக்கினர். அதற்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகள் பலர் கணையச் சாற்றைத் தயாரிக்க முயன்றனர். ருமேனியாவின் பவுலெஸ்கு 1921-ல் நாய்களில் வெற்றி கண்டு வெளியிட்டார். அதற்குள் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தனர். அப்போது இருந்த ஒரே வழி பட்டினிச் சிகிச்சை. சோறு போடாமல் சில மாதங்கள் உயிரை இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

1921 மே மாதம் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் மெக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில், பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவரும் 22 வயது சார்லஸ் பெஸ்ட்டும் வேலையைத் தொடங்கினர். ஆண்டின் இறுதியில் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று, 14 வயதில் எலும்பும் தோலுமாகக் கிடந்த லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லை. ஊசி போட்ட இடம் புண்ணானதுதான் மிச்சம். காலிப் இரவு பகலாகச் சுத்திகரித்தார். ஜனவரி 23 அன்று மீண்டும் ஊசி. இந்த முறை சர்க்கரை இறங்கியது. தாம்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1923-ல் பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தன் பங்கில் பாதியை பெஸ்ட்டுக்கும், மெக்லியாட் தன் பங்கில் பாதியை காலிப்புக்கும் கொடுத்தனர். காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். பாண்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாள். 1982-ல் பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது.

தெரியாமல் தொட்டதன் விலை

தைமஸ் நெஞ்செலும்பின் பின்னால் உள்ளது. குழந்தைகளுக்கு அது பெரிதாகவே இருக்கும், வளர்ந்தபின் சுருங்கிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மருத்துவர்கள் இதை அறியாமல், பெரிய தைமஸ் குழந்தைகளை மூச்சடைத்துக் கொல்கிறது என்று எண்ணி, நன்றாக இருந்த குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ் கதிர் பாய்ச்சினர். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. தைமஸ்தான் நோய் எதிர்ப்புச் செல்களைப் பயிற்றுவிக்கும் இடம் என்று 1961-ல் ஜாக் மில்லர் கண்டறிந்தார்.

சுரப்பிகளின் தலைவன் எனப்படும் பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றை இயக்குகிறது. அந்தத் தலைவனையும் மூளையின் ஹைப்போதலாமஸ் இயக்குகிறது என்று நிறுவிய ஆராய்ச்சிக்காக கில்லெமின், ஷாலி இருவரும் 1977-ல் நோபல் பரிசு பெற்றனர். பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் குழந்தை குள்ளமாக நின்றுவிடும். 1950-களின் இறுதியிலிருந்து, இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து அதை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். குழந்தைகள் வளர்ந்தனர். ஆனால் 1985-ல், அவ்வாறு ஊசி பெற்ற சிலர் மூளையை அழிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோயால் இறந்தது தெரியவந்தது. உலகெங்கும் 200-க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்துள்ளனர். அதே ஆண்டு செயற்கை முறையில் தயாரித்த ஹார்மோன் வந்ததால் பழைய முறை கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுரப்பி ஒழுங்காக இருக்கும்வரை அது இருப்பதே தெரிவதில்லை. அது கெட்ட பிறகோ, யாரோ அதை எடுத்த பிறகோதான் அதன் பணி புரிகிறது. அப்படிப் புரியவைத்தவர்களில் பெயர் பெற்ற அறிஞர்களை நாம் படிக்கிறோம். பெயர் தெரியாத நோயாளிகள்தான் அதிகம்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறுகிறது. கணையத்தில் இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைக்கு இன்றும் ஊசி ஒன்றே உயிர். இன்சுலின் கண்டுபிடித்து நூறு ஆண்டுகள் கடந்தும், விலை கொடுத்து வாங்க முடியாத, குளிர்ச்சியில் வைக்க வசதியில்லாத குடும்பங்கள் உலகில் பல உள்ளன. காப்புரிமையை ஒரு டாலருக்குக் கொடுத்தவர்கள் விட்டுச்சென்ற வேலையில் அந்தப் பகுதி இன்னும் முடியவில்லை.